டீஃபெனிஸ்ட்ரேஷன்: வாலைப் பிடித்துப் படியுங்கள்

ஆளையோ பொருளையோ ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது: டீஃபெனிஸ்ட்ரேஷன். முதல் தடவை பார்க்கிறவர்கள் பாதியில் தடுக்கி நிற்பதற்குக் காரணம், முன்னாலிருந்து எழுத்துக்கூட்டிப் படிப்பதுதான். நீளச் சொற்களை வாலிலிருந்து பிடியுங்கள்.

முதலில் 'ஷன்'. அப்புறம் 'ஸ்ட்ரே-ஷன்', அதற்குப் பிறகு 'னி-ஸ்ட்ரே-ஷன்', 'ஃபெ-னி-ஸ்ட்ரே-ஷன்', கடைசியாகத் தலையில் 'டீ'. மொத்தம் ஐந்து அசை. சில அகராதிகளில் 'ஃபென்', 'எஸ்' என்று வேறு மாதிரி பிரித்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது வரி முடிவில் சொல்லை உடைத்து அச்சிடுவதற்கான பிரிப்பு.

அழுத்தம்தான் முக்கியம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகிவிட்டோம், ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம். எஜுகேஷனில் 'கே', இன்ஃபர்மேஷனில் 'மே' என்று 'ஷன்'னுக்கு முந்தைய அசைதான் அழுத்தம் வாங்குகிறது, இங்கே அது 'ஸ்ட்ரே'. 'னி' பட்டும் படாமலும் போகட்டும். 'ஃபெ' சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இல்லையென்றால் 'பெ' ஆகிவிடும்.

சரி, சொல் எப்படி உருவானது? லத்தீனில் 'டே' என்றால் ஒன்றை விட்டு விலகி அல்லது கீழே, 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் ஜன்னல். ஜெர்மனில் ஜன்னலைச் சொல்லும் 'ஃபென்ஸ்டர்' இதே வேரில் வந்ததுதான். நம் 'ஜன்னல்' போர்ச்சுகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது, அதன் வேர் கதவைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல். பொதுவாக வினையோடு 'ஷன்' சேர்ந்து பெயர்ச்சொல் பிறக்கும். இதில் தலைகீழ்: பெயர்ச்சொல்தான் முதலில், 'டீஃபெனிஸ்ட்ரேட்' என்ற வினையைப் பிற்பாடு அதிலிருந்து வெட்டி எடுத்தார்கள், 'எடிட்டர்' என்பதிலிருந்து 'எடிட்' வந்த மாதிரி.

சொல்லைப் பிரபலமாக்கியது பிராக் நகரம். 1618 மே 23 அன்று அங்குள்ள கோட்டையில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் அவர்களுடைய செயலாளரையும் ஜன்னல் வழியாக வீசினார்கள். சுமார் 21 மீட்டர் உயரம், ஆனாலும் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். முப்பதாண்டுப் போர் தொடங்கியது இதில்தான். செயலாளருக்குப் பின்னாளில் பிரபு பட்டம் கிடைத்தது, அதோடு சேர்ந்த பெயர் 'ஹோஹென்ஃபால்', அதாவது உயரத்திலிருந்து விழுதல்!

'டீ'யை எடுத்துவிட்டு ஃபெனிஸ்ட்ரேஷன் என்று மட்டும் சொன்னால், கட்டடத்தில் ஜன்னல்கள் அமைந்திருக்கும் விதம், கட்டடக்கலைக்காரர்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை சத்தமாகச் சொல்லுங்கள், 'ஸ்ட்ரே' மட்டும் இரண்டிலும் ஒரே பலத்தோடு விழ வேண்டும்.