அப்பப்பாவின் பெர்மிட் காணியைப் பேருக்கு மாற்றுதல்

வட இலங்கையில் வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் குடியிருந்த முதல் தலைமுறைக்குக் காணி கிடைத்தது வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தின் கீழ்: 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெர்மிட்டும் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) அளிப்பும் (அரசு கொடுக்கும் உரித்துப் பத்திரம்) இன்றைக்கும் அதன்படிதான் நடக்கின்றன. உறுதி எழுதி வாங்கும் தனியார் காணிக்குச் செய்வதை இதற்கும் செய்யப்போய்த்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

முதல் வேலை, பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பெர்மிட் பேரேட்டைப் பார்க்கக் கேட்பது. 2009 போரில் பெட்டியோடு பத்திரத்தை விட்டு ஓடியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பெர்மிட்காரரின் முழுப்பெயர், தகப்பன் பெயர், திட்டத்தின் பெயர், துண்டு இலக்கம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். மேட்டுக்காணியும் வயலும் வெவ்வேறு துண்டாக இருக்கலாம், இரண்டையும் கேளுங்கள். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய கடதாசியில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருந்தால் பிழையென்று ஒதுக்கவேண்டாம். கமநல சேவை நிலையத்துப் பதிவேடு வயலை யார் செய்தார் என்பதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல.

அடுத்தது பின்னுரித்து, அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்பது. சிக்கல் முழுக்க இங்கேதான். பெர்மிட்காரர் இறந்தால் கணவன் அல்லது மனைவிக்கே முதல் உரிமை, நியமனம் இல்லாவிட்டாலும். அதன் பிறகே நியமித்த பின்னுரித்தாளர். அந்த நியமனப் பத்திரம் மூன்று பிரதியில் எழுதி, சாட்சி வைத்து, பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட்டிருக்கவேண்டும். எழுதிவைத்து, பதியாமல் அலுமாரியில் கிடந்த நியமனம் செல்லாது. நியமனமே இல்லையென்றால், உறவினரில் யாருக்கு அடுத்த உரிமை என்று வரிசைப்படுத்தும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பேசும். அதில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அதை நீக்கியது. ஆகவே இறந்த ஆண்டை முதலிலேயே காணி உத்தியோகத்தரிடம் சொல்லி, எந்த விதி பொருந்தும் என்று கேளுங்கள்.

உரிமை வந்தவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இடம்பெயர்ந்து கிடந்த குடும்பங்களுக்கு இதுவே கழுத்தைப் பிடிக்கும். முகாம் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம் என்று இருப்பதையெல்லாம் இறப்பு, பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களோடு இணைத்துக் கொடுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும் பெர்மிட்டில் வேறு பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

வெள்ளைத்தாளில் எழுதி விற்ற பெர்மிட் காணியை வாங்கியவருக்கு உரிமை வராது. அனுமதியில்லாமல் நொத்தாரிசு முடித்த உறுதியும் அப்படியே. பங்கு பிரிக்கும் எண்ணம் இருந்தால் வேலி அடைக்கமுன் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்: துண்டாடக்கூடிய ஆகக் குறைந்த அளவு உண்டு. அளவுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ்.