லித்தியம் டைட்டனேட் உருண்டைகள் செய்முறை

அணுக்கரு இணைவு உலையின் போர்வைப் பகுதியில் (உலையின் மையத்தைச் சூழ்ந்த அடுக்கு) டிரிட்டியம் என்னும் ஹைட்ரஜன் வகை எரிபொருளை விளைவிக்கச் சுமார் 1 மி.மீ. உருண்டைகள் தேவை.

100 கிராம் லித்தியம் டைட்டனேட் தூளுக்கு லித்தியம் கார்பனேட் 67.3 கிராம், டைட்டானியம் டை ஆக்சைடு 72.8 கிராம். இரண்டையும் உலர்த்திய பிறகே நிறுக்கவும். ஈரத்தோடு நிறுத்தால் கணக்கு பிசகும். எத்தனால் ஊற்றி பந்து ஆலையில் (ball mill) அரைத்து, உலர்த்திச் சலியுங்கள்.

அடுத்த கட்டமான சுடுதலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கார்பனேட் 723 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் 700 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி, பிறகு 800க்கு ஏற்றவும். ஆறியதும் எடை பாருங்கள்: 140 கிராம் 100க்கு இறங்கியிருக்க வேண்டும். 103இல் நின்றால் கார்பனேட் மிச்சம். மறுபடி அரைத்துச் சுடவும். விட்டுவிட்டால் பின்னால் வாயு கிளம்பி உருண்டை வெடிக்கும்.

தூளைப் பசையான பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் கொழுக்கட்டை மாவுப் பதத்தில் பிசைந்து, 1.2 மி.மீ. துளை வழியே பிழியுங்கள் (சுடும்போது சுருங்கும்). வரிப்பள்ளம் வெட்டிய சுழல்தட்டில் இழைகள் துண்டாகி உருளும். ஒன்றோடொன்று ஒட்டினால் ஈரம் அதிகம். உருளாமல் பொடிந்தால் குறைவு.

உருண்டைகளைச் சுடும்போது 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரி மட்டும் ஏற்றவும். பசை மெல்ல எரிந்து போகட்டும். பிறகு 1000 டிகிரியை ஒட்டிச் சுடவும். அலுமினா மூசையை லித்தியம் அரிக்கும் என்பதால் அடியில் அதே தூளைப் பரப்புங்கள். துளையே இல்லாத திண்மத்தின் அடர்த்தியில் 85–90 சதவீதம் போதும். இன்னும் இறுக்க வெப்பத்தைக் கூட்டினால் லித்தியம் ஆவியாகும், படிகமணிகள் பெருத்து உருண்டை எளிதில் நொறுங்கும், டிரிட்டியமும் உள்ளேயே சிக்கும்.