சிக்குன்குனியா எங்கிருந்து வந்தது? மரபணுவை வைத்துத் தேடும் முறை

ஒரு வட்டாரம் முழுக்கக் காய்ச்சலும் மூட்டுவலியும் பரவினால், எல்லோரும் வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் எந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் முதலில் கேட்பது, ரத்தம் என்றைக்கு எடுத்தது என்பதைத்தான். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் எடுத்திருந்தால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ நன்றாகக் கிடைக்கும். நாள் கடந்தால் அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்தான் மிஞ்சும். தேதி, ஊர், பயண விவரம் மூன்றும் இல்லாத சாம்பிளை நான் தொடுவதே இல்லை.

வைரஸைக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் சிடி மதிப்பு 30-க்குக் கீழே வந்த சாம்பிள்களை எடுங்கள்; அந்த மதிப்பு குறைந்தால் வைரஸ் அதிகம் என்று பொருள். ஒரே ஆஸ்பத்திரியில் அள்ளிக்கொண்டு வராமல், பல ஊர்களிலும் பல வாரங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது.

மரபணு எழுத்துகளின் வரிசை கையில் வந்ததும் அதிலுள்ள ஓட்டைகளைப் பாருங்கள். மரபணுவைப் பெருக்க ஒட்டவைக்கும் சிறு துண்டான பிரைமர் சரியாக ஒட்டாத இடத்தில் மென்பொருள், 'தெரியவில்லை' என்று காட்ட 'என்' (N) என்ற எழுத்தை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கும். ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் பழைய வரிசையைக் கொண்டு அதை நிரப்பவே கூடாது. நிரப்பினால், வைரஸ்களின் உறவைக் காட்டும் வம்ச மரத்தில் இல்லாத உறவு முளைக்கும்.

அப்புறம் ஜீன்பேங்க் என்ற பொது மரபணுத் தரவகத்திலிருந்து தேதியும் நாடும் உள்ள வரிசைகளை இறக்கி, மாஃப்ட் என்ற மென்பொருள் கொண்டு இடத்துக்கு இடம் பொருந்த அடுக்கி, ஐக்யூட்ரீ என்ற மென்பொருளில் மரம் போடுங்கள். ஒற்றை மாற்றத்தைப் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். 2005-06-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பரவிய வைரஸில், அதன் மேலுறையிலுள்ள இ1 புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் என்ற இன்னொன்று வந்தது. ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் வைரஸ் எளிதாகப் பெருக அது வழிவிட்டது. 2007-ல் கேரளத்திலும் அதே மாற்றம் தெரிந்தது. ரீயூனியனிலிருந்து வந்ததா என்றால் இல்லை, இங்கே தனியாகவே உருவானது. அதைக் காட்டிக் கொடுத்தது மரம்தான்.

இன்னொன்று. இந்த வைரஸின் மரபணு சுமார் 11,800 எழுத்து நீளம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தாறு எழுத்துதான் மாறும். பத்து நாள் இடைவெளியில் காய்ச்சலில் படுத்த இருவரிடம் கிடைத்த வைரஸின் வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அதிகாரிகள் கேட்டால், கொசுவைத்தான் கேட்க வேண்டும்.

மரத்தில் பக்கத்துக் கிளை ஒரு நாட்டுடையதாக இருந்தால், வைரஸ் அங்கிருந்துதான் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். நடுவில் உள்ள நாடு எதையும் சீக்வென்ஸ் செய்யாமல் விட்டிருக்கலாம். 'இதுவரை வெளியான வரிசைகளில் மிக நெருங்கியது' என்று எழுதி, பயண விவரத்தையும் பக்கத்திலேயே வையுங்கள்.