இங்கிலாந்தின் யார்க் நகரையும் அதன் வடக்கிலுள்ள மேட்டுநிலத்தையும் காரில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சுற்றுலாவாகச் செல்பவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டே பிரிட்டனில் 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம்; அங்கும் சாலையின் இடப்பக்கமே நம் பக்கம். இவ்விரண்டையும் நம்பி, வேறெதுவும் படிக்காமல் சென்ற எனக்கு ஒரு பலகையும் ஒரு விளக்கும் பாடம் புகட்டின.

முதற்படி, யார்க் நகருக்குள் காரைக் கொண்டுசெல்லாமல் இருப்பது. ஊரைச் சுற்றி ஆறு இடங்களில் 'பார்க் அண்ட் ரைடு' நிறுத்தங்கள் உள்ளன. காரை நிறுத்தக் கட்டணமில்லை, பேருந்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஏறத்தாழ 3.4 கி.மீ. நீளமுள்ள மதில்மேல் நடப்பதற்கும், 1408இல் நிறைவுற்ற கிழக்குப் பெருஞ்சாளரத்தை மின்ஸ்டர் பேராலயத்தில் நின்று பார்ப்பதற்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வழி கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இவ்வூரில் 'பார்' என்றால் கோட்டை வாயில், 'கேட்' என்றால் தெரு. 'கேட்' என்பது, 866இல் ஊரைக் கைப்பற்றிய வைக்கிங்குகளின் மொழி விட்டுச்சென்ற சொல். ஆகவே மிக்கிள்கேட் என்பது தெரு. அதன் முனையில் நிற்கும் வாயில்தான் மிக்கிள்கேட் பார்.

மறுநாள் காலையில் ஏ19 சாலையில் தெர்ஸ்க் வரை சென்று, ஏ170 சாலையில் கிழக்கே திரும்புங்கள். ஊரெல்லை தாண்டியதும், வெள்ளை வட்டத்தில் ஒரு கறுப்புச் சாய்கோடு உள்ள பலகை வரும். நம் நாட்டில் அது கட்டுப்பாடு முடிந்ததைக் குறிப்பதால் நானும் அப்படியே எண்ணினேன். அங்கே அதன் பொருள், நடுத்தடுப்பில்லாத சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல் உச்ச வரம்பு என்பது. எல்லா வளைவிலும் அந்த வேகத்தில் போகலாம் என்பதும் அதற்குப் பொருளன்று.

அடுத்து வருவது சட்டன் பேங்க் ஏற்றம். நான்குக்கு ஒன்று என்ற சரிவு, நடுவில் கொண்டையூசி வளைவு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். கூடுதல் வாடகை ஆனாலும் ஆட்டோமேட்டிக் கார் எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உச்சியிலிருந்து ரீவோ என்னும் பழைய கிறித்தவத் துறவு மடத்துக்குச் செல்ல, கைபேசி வழிகாட்டி ஸ்காட்டன் வழியாகக் குறுக்குப் பாதை காட்டும். நான் தடுமாறியது அங்கேதான். ஒரு காருக்கு மட்டுமே இடமுள்ள பாதையில், எதிரே வந்தவர் ஒதுங்கி நின்று முகப்பு விளக்கை இருமுறை மின்னினார். 'நான் வருகிறேன், நில்' என்பதுதானே நம் ஊர் வழக்கு? நான் நின்றேன், அவரும் அசையவில்லை. அவர் கண்ணாடியை இறக்கிக் கையசைத்த பிறகுதான், 'நீங்கள் வாருங்கள்' என்று அழைத்திருக்கிறார் என்பது விளங்கியது. ஆயினும் அந்நாட்டுச் சாலை விதிநூலின்படி, விளக்கை மின்னுவது தன் இருப்பை உணர்த்துவதற்கு மட்டுமே. எனவே எதிர்வண்டி உண்மையில் நின்றுவிட்டதைப் பார்த்த பின்னரே நகருங்கள். ஒதுங்கிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் செல்லுங்கள். வலப்பக்கம் இருந்தால், அதற்கு நேரெதிரே நின்று, எதிரே வருபவர் அதற்குள் ஒதுங்கி உங்களைக் கடக்க விடுங்கள். மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழி விடுங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாமென்றால், ஏ170 வழியாகவே ஹெல்ம்ஸ்லி சென்று, அங்கிருந்து பி1257 சாலையைப் பிடியுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசி இணைப்பு நம்பத்தக்கதன்று. பிரிட்டனின் அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல்.26 தாள் வரைபடத்தையே நான் நம்புகிறேன். 1132இல் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் நிறுவிய ரீவோ, கூரையிழந்த பின்னும் நிமிர்ந்து நிற்கிறது; அவசரமின்றிப் பாருங்கள். திரும்பும் வழியில் காசில் ஹோவர்டு மாளிகைக்கு முன்னுள்ள நேர்சாலையில், ஒரு காரே நுழையக்கூடிய வளைவு வாயில்கள் உண்டு. அங்கும் மேற்சொன்ன பொறுமையே தேவை.

பிற்சேர்க்கை: கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டும் வீட்டு வண்டியை, இழுத்துச் செல்லலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். சட்டன் பேங்கில் கேரவன்களுக்குத் தடை உண்டு. கேரவனோடு செல்பவர்கள் யார்க்கிலிருந்து பி1363 வழியாக ஆஸ்வால்டுகர்க் சென்று ஹெல்ம்ஸ்லியை அடையலாம்.