ஒரே ஃபங்ஷன், பல வகை எண்கள்: எங்கே சறுக்குகிறது?

ஒரு ஃபங்ஷனை ஒருமுறை எழுதிவிட்டு, மெய்யெண், கலப்பெண், டூயல் எண் என்று எதை வேண்டுமானாலும் அதில் போட்டு ஓட்டலாம். ஜெனரிக் நிரலின் கவர்ச்சியே அதுதான். டூயல் எண் என்பது ஒரு மதிப்பும் அதன் வகைக்கெழுவும் சேர்ந்த ஜோடி. (இரட்டை எண் என்று எழுதினால் 2, 4, 6 ஞாபகம் வந்துவிடும், டூயல் என்றே இருக்கட்டும்.) நிரல் எரர் காட்டி நின்றால் நல்லது. சத்தமில்லாமல் ஓடி முடித்துத் தப்பான விடை தருவதுதான் வம்பு.

என்னை அதிகம் ஏமாற்றியது, லூப்பை நிறுத்தும் நிபந்தனை. நியூட்டன் முறையில் (9-ஐ ஊகத்தால் வகுத்து, ஊகத்தோடு கூட்டி, பாதியாக்கினால் புது ஊகம்) 9-இன் வர்க்கமூலம் வேண்டும். 9-ஐ வகைக்கெழு 1 உள்ள டூயல் எண்ணாகக் கொடுக்கிறோம். தொடக்க ஊகம் 3, அதன் வகைக்கெழு 0 என்று வைத்துக்கொள்வோம். "ஊகத்தின் வர்க்கம் 9-ஐ நெருங்கிவிட்டதா?" என்று லூப்பின் வாசலிலேயே சோதிக்கிறோம். பெரியதா சிறியதா என்று ஒப்பிடும்போது டூயல் எண்ணின் மதிப்பு மட்டுமே கணக்கில் வரும். வித்தியாசம் 0, எனவே ஒரு சுற்றுகூட ஓடாது. விடை 3, சரி. வகைக்கெழு 0, தப்பு. 1/6 வந்திருக்க வேண்டும். ஒரு சுற்று ஓடியிருந்தால், 3-ஆல் வகுத்ததில் 1/3, அதைப் பாதியாக்கியதில் 1/6 தானாக வந்திருக்கும். மதிப்பு நிலைத்த பின் இன்னொரு சுற்று ஓட்டினால் நியூட்டன் முறைக்குப் போதும். மெதுவாக ஒருங்கும் முறைகளில் வகைக்கெழுவையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

சி++-இல் இதற்கு நேர்மாறான கூத்து. சொந்தமாக உருவாக்கிய எண் வகைக்கு நியூமெரிக் லிமிட்ஸை (எண் வகையின் எல்லைகளையும் துல்லியத்தையும் சொல்லும் பகுதி) தனியாக எழுத மறந்தால், கம்பைலர் எதுவும் சொல்லாது. அதிலுள்ள எப்சிலான், அதாவது 1-க்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலும் 0 என்று வந்து நிற்கும். "பிழை எப்சிலானைவிடச் சிறியதா?" என்று கேட்கும் லூப் அப்புறம் எங்கே முடிவது?

வகைக்கெழு காண கலப்பெண்ணைப் பயன்படுத்தும் உத்தி 1967-லேயே வந்துவிட்டது. கற்பனைப் பகுதியில் மிக நுண்ணிய எண்ணைச் சேர்த்து ஓட்டி, விடையின் கற்பனைப் பகுதியை அதே எண்ணால் வகுத்தால் வகைக்கெழு கிடைக்கும். நடுவில் ஒரு தனிமதிப்பு (abs) ஃபங்ஷன் இருந்தால் போச்சு, கற்பனைப் பகுதி அங்கேயே கரைந்துவிடும். மேட்லாப் மொழியில் அணியை நிரை நிரல் மாற்ற (டிரான்ஸ்போஸ்) ஒற்றை மேற்கோள் குறி மட்டும் போட்டால் இணைக் கலப்பெண்ணும் எடுக்கப்பட்டு வகைக்கெழுவின் குறி திரும்பிவிடும். மேற்கோள் குறிக்கு முன் ஒரு புள்ளி வையுங்கள்.

குவாட்டர்னியன் (நான்கு பகுதிகள் கொண்ட எண், வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறலாம்) என்றால் பெருக்கும் வரிசையை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

ஜூலியா மொழியில் அளவை மட்டும் சொல்லிப் பூஜ்யங்கள் நிறைந்த வரிசை (அர்ரே) ஒன்றை உருவாக்கினால் அது ஃப்ளோட்64, அதாவது சாதாரண தசம எண் வகையாகத்தான் இருக்கும். அதில் டூயல் எண்ணை வைக்கப் போனால் எரர் வரும். சரி, எரர் போனால் போதும் என்று மதிப்பை மட்டும் உருவி உள்ளே வைக்கிறார்கள். எரர் போய்விடும், வகைக்கெழுவும் கூடவே போய்விடும். உள்ளே வரும் எண்ணின் வகையைக் கேட்டு, அதே வகையில் வரிசையை உருவாக்குங்கள்.