கைத்திறனைச் சபைப் பணியில் சேர்ப்பது எப்படி?

'என்ன தாலந்து இருக்கிறது?' என்று கேட்டால் பாடுபவர்களும் பேசுபவர்களும்தான் கை உயர்த்துவார்கள். 'போன மாதம் யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள்?' என்று கேளுங்கள். வயரிங், தையல், கணக்கு, சமையல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9:39இல், தொற்காள் இறந்தபோது அவள் தைத்த உடுப்புகளைத்தானே விதவைகள் காட்டி அழுதார்கள்!

ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் செய்யக்கூடிய வேலை, ஓய்வான நாளும் நேரமும், சொந்தக் கருவிகள் ஆகிய மூன்றும் போதும்.

அடுத்தது தேவைகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, யாழ்ப்பாணத்தில் தனியே வாழும் முதியவர்கள் பலர். ஓட்டை ஒழுக்கு, பழுதான குழாய், வீடியோ அழைப்பு, அரச படிவங்கள் என்று அவர்களுடைய தேவைகள் சிறியவை, ஆனால் ஓயாதவை. போதகரோடு வீடு வீடாகப் போய் ஒரு கொப்பியில் எழுதி, சீட்டுகளோடு பொருத்துங்கள்.

இருவர் இருவராக அனுப்புங்கள். ஒருவர் பழகியவர், மற்றவர் பழகுபவர். முதலில் நாலு வாரத்துக்கு மட்டும் பொறுப்புக் கொடுங்கள். முடிவுநாள் இல்லாத பொறுப்பை ஏற்கப் பலர் தயங்குவார்கள். ஏற்றவர்களும் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

பிணக்கு வருவது பெரும்பாலும் பொருட்செலவில். உழைப்பு இலவசம், சாமான் செலவு சபையுடையது, பற்றுச்சீட்டு கட்டாயம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்வேலைக்குத் தொழில் தெரிந்தவர் மட்டும் போகட்டும். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் தொடக்கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, ஞாயிறு பாடசாலையில் ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும்.

மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மாணவர்களை உருவாக்கினார். உங்கள் தையற்காரரும் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பேருக்குத் தையல் பழக்கலாம்.