பதினான்கு நாள்களுக்கு பிரெட்டையும் சர்க்கரையையும் குறைக்கும் முறை

பிரெட்டையும் சர்க்கரையையும் இனி வாழ்நாள் முழுவதும் தொடுவதில்லை என்று எடுக்கும் சபதம், பெரும்பாலும் அடுத்து வரும் கல்யாணப் பந்தியின் பாயசத்தோடு கரைந்துவிடும். அதற்கு மாறாக, பதினான்கு நாள்கள் என்று எல்லை வகுத்துக்கொண்டால், நாம் எந்த வேளையில் பசியால் உண்கிறோம், எந்த வேளையில் வெறும் பழக்கத்தால் உண்கிறோம் என்பதைக் கண்டுகொள்ள அந்தக் காலமே போதும். இங்கே பிரெட் என்பது பாக்கெட்டில் வரும் வெள்ளை பிரெட்டை மட்டும் குறிக்கவில்லை. பன், ரஸ்க், பிஸ்கட், வர்க்கி, பஃப்ஸ், பரோட்டா என மைதாவில் செய்யப்படும் அனைத்தும் அதில் அடங்கும். கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்ட மைதாவின் மாவுச்சத்து குடலில் விரைவாகக் குளுக்கோஸாக மாறிவிடுவதால், சர்க்கரையை நிறுத்திவிட்டு ரஸ்க்கைத் தொடர்வதில் அதிகப் பயன் இல்லை.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை அவசியம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு வகைச் சிக்கல் வரக்கூடும். இவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு ஆகியவை தோன்றினால் விரதத்தை மறந்துவிட்டு, மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரையை மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், வளரும் குழந்தைகளுக்கும், ஏற்கெனவே எடை குறைந்திருப்பவர்களுக்கும் இந்த முறை ஏற்றதன்று.

முதல் வேலை கணக்கெடுப்பு. மூன்று நாள்களுக்கு எதையும் மாற்றாமல், வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வாருங்கள். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் நின்றால் மேலும் நல்லது என்றும் கூறுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இந்த 5 விழுக்காடு என்பது 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு மூன்று வேளை காபி குடிப்பவர் காபியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். ஒரு 300 மி.லி. குளிர்பானம் அதைத் தனியாகவே தாண்டிவிடுகிறது. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது.

வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் மாறிக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மணமும் நிறமும் வேறாக இருந்தாலும் அவற்றிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். இந்தப் பதினான்கு நாள்களில் கருப்பட்டிக் காபியைச் சர்க்கரைக் காபியாகவே எண்ணுவது நேர்மையான கணக்கு.

உண்மையான போராட்டம் காபி டம்ளரில்தான் நடக்கும். முதல் நான்கு நாள்கள் வழக்கமான சர்க்கரையில் பாதி, அடுத்த நான்கு நாள்கள் கால் பங்கு, பிறகு சர்க்கரையே இல்லாமல் என்று படிப்படியாக இறங்குவது எளிது. சர்க்கரையோடு காபியையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அதனால் வரும் தலைவலி பெரும்பாலும் காஃபீன் நின்றதால் வருவது, பழி மட்டும் சர்க்கரைமேல் விழும். டீக்கடையில் பல மாஸ்டர்கள் கண்ணாடித் தம்ளரில் சர்க்கரையைப் போட்டுவைத்த பிறகே டீயை ஊற்றுவார்கள் என்பதால், டீ சொல்லும்போதே ‘சர்க்கரை இல்லாமல்’ என்று சொல்லிவிட வேண்டும்.

காலையில் பிரெட் உண்பவர்கள் அந்த இடத்தைச் சோற்றாலும் கூடுதல் இட்லியாலும் நிரப்பிவிட்டால், குறைத்த மாவுச்சத்து வேறு வழியில் திரும்பிவிடும். பச்சைப்பயறு தோசை, பருப்பு கூடுதலாகச் சேர்த்து அரைத்த அடை, வேகவைத்த இரண்டு முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவற்றில் புரதம் இருப்பதால் நண்பகல்வரை பசி அடங்கியிருக்கும். கேழ்வரகுக் கூழ் நல்லதுதான் என்றாலும் அதுவும் மாவுச்சத்தே. ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். காய்ச்சல் வந்தால் பாலில் பிரெட்டைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கத்தால் அதை எளிய, தீங்கற்ற உணவாக எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தையும் இந்த இரு வாரங்களுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

பலருக்கு உறுதி குலைவது மாலை நான்கு மணி அளவில். அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ, ஒரு கொய்யாவோ முன்கூட்டியே மேசைமேல் இருக்க வேண்டும். பசி வந்த பிறகு தேடினால் கைக்குக் கிடைப்பது பிஸ்கட் பாக்கெட்தான்.

கடையில் வாங்கும்போது பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் மிகுந்த பொருள் முதலில் வருமாறு அது அச்சிடப்படுகிறது. பழுப்பு நிற பிரெட்டின் பட்டியலில் மைதா முதலிடத்தில் இருந்து, கேரமல் நிறமியும் காணப்பட்டால், நிறம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்பனவும் சர்க்கரையின் வேறு வடிவங்களே.

முதல் வாரத்திலேயே எடை ஒரு கிலோ அளவுக்குக் குறைந்தால் மகிழ்ந்து ஏமாற வேண்டாம். குளுக்கோஸை உடல் கிளைக்கோஜனாகச் சேமித்துவைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. அந்நாள்களில் லேசான தலைச்சுற்றல் இருந்தால், உப்பைக் குறைக்கச் சொல்லப்படாதவர்கள் உப்பிட்ட மோர் குடிக்கலாம்.

பதினைந்தாம் நாள் பழைய அளவுச் சர்க்கரையோடு ஒரு காபி போட்டுக் குடித்துப் பாருங்கள். திகட்டினால், எத்தனை கரண்டி போதும் என்பதை அன்றே புதிதாக முடிவு செய்யுங்கள். பிரெட்டைச் சில நாள்கள் கழித்துத் தனியாகத் திரும்பச் சேர்த்து, நண்பகலுக்கு முன் பசி எப்போது எடுக்கிறது என்பதைப் பழைய தாளில் குறித்துவைத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.